எல்லா நாளும் ஞாயிறு

அம்மாவுக்குக் கடைசி வருடங்களில் எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்தது. விடியும்போதே எழுந்து உட்கார்ந்துகொள்வாள். "பூசைக்கு நேரமாச்சு, இன்னும் இன்னா பண்ணிகினு கீற?" என்று என்னை எழுப்புவாள். இன்றைக்குச் செவ்வாய், இன்றைக்கு வியாழன் என்று சொன்னால் எடுபடாது. நான் வெந்நீர் வைத்து முகம் கழுவிவிட்டு, கரை போட்ட வெள்ளைப் புடவையைக் கட்டிவிட்டு, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்வேன். கோயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரே ஓட்டத்தில் ஏறிவிடுவார்கள். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, மூட்டு தேய்ந்துபோயிருக்கிறது. அம்மாவோ என் தோளில்தான் தன் பாரம் முழுவதையும் போடுவாள். நடுவில் ஒரு பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுவோம்.

எங்கள் மலைக்குப் பூசை வைக்கச் சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற நாட்களில் கோயில் பூட்டியிருக்கும். சாவி எங்கள் வீட்டில்தான். கதவைத் திறந்து பாயை விரித்து அம்மாவை உட்கார வைப்பேன். பீடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். உதடு அசையும். கொஞ்ச நேரத்தில் தலை ஆடி ஒரு தூக்கம். விழித்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "போலாமா?" என்பாள். இறங்கும்போது, "இன்னிக்கு சாமி நல்லா பிரசங்கம் வச்சாரு" என்பாள். ஆமாம்மா என்பேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கஞ்சி குடிப்பாள். பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பத்தை, நன்மையை, வாங்கும் முன் வாயில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது என்று சிறு வயதில் படித்தது, எல்லாம் மறந்த பிறகும் மறக்கவில்லை. கஞ்சி குடித்தால்தான் சர்க்கரை மாத்திரை கொடுக்க முடியும். அதனால் மழையோ பனியோ, ஏறித்தான் ஆக வேண்டும்.

ஆரம்பத்தில் நான் வாதாடிப் பார்த்தேன். ஒருநாள் காலண்டரையே கொண்டுவந்து காட்டி, இன்றைக்குப் புதன்கிழமை என்று அழுத்திச் சொன்னேன். அம்மா காலண்டரைப் பார்க்கவே இல்லை. "பூசை தவறிப்போச்சே, சாவான பாவமாச்சே" என்று குழந்தை மாதிரி தேம்பி அழுதாள். அன்று மதியம்வரை அவளைத் தேற்ற முடியவில்லை. மேட்டில் ஏறுவது அதைவிடச் சுலபம் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

அம்மா இந்த மலையில் பிறந்தவள் இல்லை. கணியம்பாடிப் பக்கம் ஒரு கிராமம். தாத்தா காலத்திலிருந்தே கத்தோலிக்கக் குடும்பம். அப்பா உபதேசியார். சாமியார் இல்லாத இடங்களில் செபம் சொல்லிக்கொடுத்து, நோயாளிகளைப் பார்த்து, பிள்ளைகளைப் பூசைக்குத் தயார்ப்படுத்துகிற வேலை. கல்யாணமான கையோடு அவரை ஜவ்வாது மலைக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது எங்கள் ஊருக்குச் சாலை கிடையாது. ஒடுகத்தூரிலிருந்து தலையில் பெட்டியை வைத்துக்கொண்டு, பித்தளைக் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தே ஏறினாளாம். வந்து பார்த்தால் வேதக்காரர் வீடுகள் விரல்விட்டு எண்ணும்படி. மற்ற எல்லாரும் சாமை, கேழ்வரகு போடுகிற மலை சனம், அவர்களுக்கு அவர்கள் சாமிகள். "ரெண்டு நாள் அழுதேன். மூணாம் நாளு பீடத்துணியத் தொவச்சுப் போட்டேன்" என்று அம்மா சொல்வாள். அதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டாள்.

நாங்கள் நான்கு பிள்ளைகள், நான்தான் மூத்தவள். அம்மா காலையும் மாலையும் கோயில் மணியை அடிப்பாள். மணிச் சத்தத்தை வைத்துத்தான் காட்டு வேலைக்குப் போனவர்கள்கூட மாட்டைத் திருப்பி ஓட்டுவார்கள். ஊரில் அவளுக்குக் 'கோயிலக்கா' என்றே பெயர். புளி காலத்தில் எல்லாப் பெண்களோடும் உட்கார்ந்து புளி தட்டுவாள், கொட்டை எடுப்பாள், கதை பேசுவாள். மாலை செபமாலைக்கு மட்டும் எழுந்து வந்துவிடுவாள். வீட்டில் அவள் அன்பானவள் என்று சொல்ல மாட்டேன். கண்டிப்பானவள். செபமாலை முடியாமல் சோறு கிடையாது. மண் தரையில் முட்டி போட வேண்டும், குதிகாலில் உட்காரக் கூடாது. கடைசித் தம்பி பசியில் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே தூங்கிச் சாய்வான். அவள் அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, அவன் பங்கையும் தானே சொல்லி முடிப்பாள். செபமாலையில் ஒரு மணிகூட விட மாட்டாள்.

நான் கீழே விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்பு முடித்துக் கோடை விடுமுறைக்கு மலைக்கு வந்திருந்தபோது அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. கஷாயத்துக்கு அடங்கவில்லை. நினைவு தப்பிய பிறகு, ஊர் ஆட்கள் ஒரு போர்வையை மூங்கிலில் கட்டி டோலி ஆக்கி, அவரைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு கீழே கிளம்பினார்கள். தூக்கியவர்களில் ஒருவரும் வேதக்காரர் இல்லை. அம்மா டோலியின் பக்கத்திலேயே நடந்தாள். நான் பின்னால் தண்ணீர்ச் சொம்போடு ஓடினேன். பாதி வழியில், ஒரு கடுக்காய் மரத்தடியில் அம்மா, "கொஞ்சம் எறக்குங்க" என்றாள்.

"நிக்க நேரமில்லக்கா, பொழுது போவுது" என்றார் முன்னால் பிடித்தவர்.

"எறக்குங்கண்ணா. நேரம் முடிஞ்சுபோச்சு."

இறக்கினார்கள். அம்மா மண்ணில் உட்கார்ந்து அப்பாவின் காதருகே வாயை வைத்து, சாகிறவர்களுக்குச் சொல்லும் செபத்தைச் சொன்னாள். இயேசு மரி சூசை என்று மூன்று பெயரையும் திரும்பத் திரும்பச் சொன்னாள். மற்றவர்கள் வீட்டுச் சாவுகளுக்கு அப்பா சொன்ன செபம் அது, பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். அந்த ஆட்கள் தலைத் துண்டை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். அப்பாவின் மூச்சு நின்றதும் ஒருவர், "கீழ கொண்டுபோவலாமா, மேலயா?" என்று கேட்டார். அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "மேல" என்றாள். அப்போதும் அவள் அழவில்லை. அந்த மரத்தடியில் அழுதது நான் மட்டும்தான். அதற்குப் பிறகு பல வருடம், அவளுக்கு மனசே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்தபின் அப்போதைய சாமியார் வந்து, கீழே கன்னியர் மடத்தில் சமையல் வேலை இருக்கிறது, பிள்ளைகளோடு வந்துவிடுங்கள் என்றார். "அவர இங்க வுட்டுட்டு நான் எங்க சாமி போவேன்? மணிய யாரு அடிப்பா?" என்று சொல்லிவிட்டாள். மலையிலேயே பள்ளி விடுதியில் சமைத்தாள். பெரிய அண்டாவில் களி கிண்டிக் கிண்டி அவள் வலது தோள் கடைசிவரை கொஞ்சம் தாழ்ந்தே இருந்தது. தங்கையும் தம்பிகளும் படித்து, வேலூர், பெங்களூர் என்று போய்விட்டார்கள். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து மலைப் பள்ளிக்கே திரும்பி வந்தேன். இங்கேயே கல்யாணம், இங்கேயே ஒரு பெண் குழந்தை. அவள் நடக்கக் கற்பதற்குள் என் கணவர் விபத்தில் போய்விட்டார். அதனால் நான் பள்ளிக்கூடத்தில் இருக்க, என் மகளை வளர்த்தது அம்மாதான். எங்களிடம் காட்டாத செல்லத்தையெல்லாம் அவளிடம் காட்டினாள். செபமாலைக்கு நடுவிலேயே அவளுக்குச் சோறு ஊட்டுவாள். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அந்த மகள் வேலூரில் படித்து வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒடுகத்தூர்ப் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். இந்துக் குடும்பம், கடைத்தெருவில் தையற்கடை.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஞானஸ்நானம் வாங்கிக்குவானா?"

"நான் கேக்கமாட்டேன் ஆயா. அவங்களும் என்னை எதுவும் மாறச் சொல்லல."

அதோடு பேச்சு நின்றுபோனது. கல்யாணத்துக்கு அம்மா வரவில்லை, நான் தனியாகப் போய் வந்தேன். அன்று முழுக்க அவள் கோயிலுக்குள்ளேயே, சாப்பிடாமல் இருந்தாள் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னாள். இந்தப் பக்கத்து வீட்டம்மா மலை சனம். அம்மாவைவிடக் கொஞ்சம் இளையவள், நான் பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்தவள், இன்றைக்கும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். மகள் பண்டிகைக்கு வந்தால் அம்மா தட்டில் சோறு போடுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். மாலை செபமாலையில் மட்டும் பத்து மணிகள் கொண்ட ஒரு சுற்றை யார் பெயரையும் சொல்லாமல், "தூரத்துல இருக்கறவங்களுக்காக" என்று ஒப்புக்கொடுப்பாள். ஒடுகத்தூர் என்ன தூரம்! எனக்கு இரண்டு பக்கமும் பேசிப் பேசி வாய் வலித்ததுதான் மிச்சம்.

மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஐந்தாறு மாதம் இருக்கும். ஒருநாள் நான் பள்ளியிலிருந்து வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டம்மா, "அக்கா காலீல பஸ் ஏறி கீழ போய்ட்டா பாப்பா. உங்கிட்ட சொல்லலியா?" என்றாள். எண்பதைத் தொட்ட கிழவி, தனியாக எங்கும் போனதில்லை. கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு இறங்கினேன்.

சம்மந்தியம்மா வீட்டுப் பின்கட்டில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, கொள்ளுப்பேத்தியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். சம்மந்தியம்மா வெந்நீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். என் மகள் வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "துண்டு எடுத்தா" என்றாள், ஏதோ நான் அந்த வீட்டிலேயே இருந்தவள் மாதிரி.

சம்மந்தியம்மா என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில், "எண்ண தேய்க்கும்போது கொழந்தை நெத்தியில சிலுவ போட்டாங்க. நான் பாத்துகினே இருந்தேன், ஒண்ணும் சொல்லல. பெரியவங்க ஆசீர்வாதம் பண்ணா நல்லதுதானே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, துவட்டிய குழந்தைக்கு அவரே திருநீறு வைத்தார். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் வெகுநேரம் கழித்து, "அந்தம்மா நல்லவங்க" என்றாள். இன்னும் நாலு வளைவு ஏறியபின், "இருந்தாலும் கொழந்தைக்கு ஞானஸ்நானம் குடுத்திருக்கலாம்" என்றாள். நினைவு இருக்கும்வரை இந்த இரண்டையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். ஒன்றை இன்னொன்றுக்காக விட்டுக்கொடுக்கவே இல்லை.

நான் பணி ஓய்வு பெற்ற வருடத்தில்தான் அம்மாவின் நினைவு கழன்றுபோகத் தொடங்கியது. முதலில் உப்பு போட்டதை மறந்தாள், பிறகு அடுப்பை, பிறகு எங்கள் பெயர்களை. மணி அடிக்கிற வேலை என்னிடம் வந்தது. தங்கை போனில், "அம்மாவ பாத்துக்கற பாக்கியம் உனக்குத்தான் குடுத்துவச்சிருக்கு" என்பாள். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அம்மாவின் ஈரத்துணியை அலசிக்கொண்டிருப்பேன். பாக்கியமாக இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்குத் தூக்கம் போதவில்லை.

ஒருமுறை, கோயில் ஓடு ஒழுகுகிறது என்று பார்க்கச் சாமியார் வார நாளில் ஜீப்பில் வந்தார். இளவயதுக்காரர், புதிதாக வந்தவர். நாங்கள் இருவரும் வெறும் கோயிலில் பாயில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்துப்போனார். விஷயத்தைச் சொன்னேன். அவர் அம்மாவின் எதிரே குந்தி உட்கார்ந்து, "பாட்டி, இன்னைக்குப் புதன்கிழமை. பூசை கிடையாது. நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டு ஏறி வரவேண்டாம், வீட்டுலயே செபம் பண்ணாப் போதும்" என்றார்.

அம்மா கை கூப்பினாள். "தோத்திரம் சாமி. நீங்க சின்னவரு, காலண்டர தப்பா பாத்துட்டீங்க. பரவால்ல, ஆரம்பிங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து போய் ஜீப்பிலிருந்து பையை எடுத்துவந்தார். உடுப்பு மாற்றிக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்காக முழுப் பூசை வைத்தார். நான் பிரசங்கத்தில் தூங்கிவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளி எழுப்பினாள். அவள் நன்மை வாங்கியபோது வாயைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பொக்கை வாயைப் பார்த்தபோது எனக்கு என்னவோ செய்தது. இறங்கும்போது, "இன்னிக்கு சாமி சுருக்கமா முடிச்சிட்டாரு" என்று குறைபட்டுக்கொண்டாள்.

கிளம்பும் முன் சாமியார் என்னிடம், "டீச்சர், நீங்க எப்போ ஓய்வெடுக்கறீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. ஜீப்பில் ஏறப் போகிறவர் நிற்கிறார், நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேன். வேலி ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மாதான், "நான் கூட்டிகினு போறேன் சாமி. எனக்கு இன்னா வேல? ஒரு நாளு வுட்டு ஒரு நாளு நான் போறேன். எங்க சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றாள்.

முதல் முறை அவள் அழைத்துப்போன காலையில் நான் அடித்துப்போட்டது மாதிரி தூங்கினேன். கண் விழித்தால் வெயில் முற்றத்துக்கு வந்திருக்கிறது. பதறிப்போய் மேட்டில் ஏறினேன். கோயிலுக்குள் இரண்டு கிழவிகளும் பாயில் இருந்தார்கள். அம்மா செபம் முணுமுணுக்க, இவள் காலை நீட்டிக்கொண்டு, தோன்றிய இடத்திலெல்லாம் ஆமென் ஆமென் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போகவில்லை. வாசல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். பனி விலகிக் கீழே சாமைக் கொல்லை தெரிந்தது. என்ன நினைத்தேன் என்று கேட்டால், ஒன்றும் நினைக்கவில்லை.

மார்கழிக் குளிரில் ஒருநாள் விடிந்தும் அம்மா எழவில்லை. பூசையைப் பற்றிக் கேட்கவில்லை. உடம்பு சுட்டது. மலை ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, நுரையீரலில் சளி கட்டிவிட்டது, இந்த வயதில் கீழே அலைக்கழிக்க வேண்டாம் என்றார். சாமியார் வந்து, கடைசி நேரத்தில் இருப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயை அவள் நெற்றியில் பூசினார். மகள் குழந்தையோடு வந்துவிட்டாள். அம்மா அன்று சாயங்காலம் என்னைத் தன் தாய் என்று நினைத்துக்கொண்டு, "அம்மா, பசிக்குது" என்றாள். சாமைக் கஞ்சியைத் தெளிவாக இறுத்து ஸ்பூனில் கொடுத்தேன். இரண்டு வாய் விழுங்கினாள். "சூடா கீது" என்றாள். ஊதிக் கொடுத்தேன். மறுநாள் உச்சி வேளையில், மகள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள்.

நான் அவள் காதருகே குனிந்து, அப்பாவுக்கு அவள் சொன்ன அந்தச் செபத்தைச் சொல்ல நினைத்தேன். பாதிக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பாதியைச் சொன்னேன்.

தம்பிகளும் தங்கையும் வந்து சேர்ந்தார்கள். அப்பாவுக்குப் பக்கத்திலேயே ஊர் ஆட்கள் குழி வெட்டினார்கள். மலைப் பெண்கள் எல்லாரும் வந்து பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். பெரிய தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "அக்கா, இது நம்ம மொற இல்ல. நிறுத்தச் சொல்லு, ஞானப்பாட்டு பாடணும்" என்று காதில் கிசுகிசுத்தான். "அவங்க ஆளுக்கு அவங்க அழுவறாங்க, வுடு" என்றேன். அவன் வெளியே போய்விட்டான். ஒப்பாரி ஓய்ந்த பிறகு எங்கள் பாட்டைப் பாடினோம். பாதிப் பேருக்குத்தான் வரிகள் தெரிந்திருந்தன.

முப்பதாம் நாள் பூசைக்கு மறுபடியும் எல்லாரும் கூடினோம். பூசை முடிந்ததும் தங்கை பேசினாள், தம்பி பேசினான். அம்மாவின் பக்தி, தியாகம் என்று எல்லாம் உண்மையைத்தான் சொன்னார்கள். பிறகு, "அக்கா, நீ ரெண்டு வார்த்த பேசு. நீதானே கடைசிவரைக்கும் கூட இருந்த" என்றார்கள். எழுந்து நின்றேன். இவ்வளவு வருடம் வகுப்பில் பேசிய வாய். எதிரே பக்கத்து வீட்டம்மா, சம்மந்தியம்மா, என் மகள். சொல்ல நிறைய இருந்தது, எதையும் எடுத்துச் சொல்லத் தெம்பில்லை.

"எங்கம்மா ரொம்ப நாள் இருந்தா. கஷ்டமான மனுஷி. நல்லா இருந்தா" என்றேன். "எனக்குக் களைப்பா கீது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தங்கைக்கு முகம் சுருங்கியது. சாமியார் மெதுவாகத் தலையசைத்தார்.

சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது பார்த்தால், மகள் என் துணிகளை ஒரு பையில் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள். "ஒரு மாசம் எங்க வூட்ல வந்து இரும்மா. அத்தையே கூப்பிட்டாங்க" என்றாள். புளி உலுக்க ஆள் சொல்ல வேண்டும், கோழிக்குத் தீனி வைக்க வேண்டும் என்று ஏதேதோ சொன்னேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம், நீ போய்ட்டு வா பாப்பா" என்று பக்கத்து வீட்டம்மா சாவிக்காகக் கை நீட்டினாள். கொடுத்துவிட்டேன்.

கீழே இறங்கும் ஜீப்பில் மகளின் தோளில் சாய்ந்ததுதான் தெரியும். வளைவுகள் எதுவும் தெரியவில்லை. இடையில் யாரோ என் மடியில் குழந்தையின் காலைத் தூக்கிப் போட்டதுபோல் ஒரு நினைவு. ஒடுகத்தூர்க் கடைத்தெருவின் ஹாரன் சத்தத்தில்தான் கண் விழித்தேன். "வந்துட்டோம்மா, எழுந்திரு" என்றாள் மகள்.

"இன்னும் கொஞ்சம் நேரம்" என்றேன்.